ஓர்க்கிட் செடி ஏன் பூக்கவில்லை?

களுதாவளையில் ஒரு வளவு. வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை, வீட்டின் பின்தாழ்வாரத்தில் கயிற்றில் தொங்கும் ஏழு ஓர்க்கிட் சாடிகள். வீட்டுக்கார அம்மா படுவான்கரையில் வயல் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 2007 ஆம் ஆண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் திரும்பிப் போனபோது இவர்களுக்குப் போக முடியாத காரணங்கள் இருந்தன. உறவினர் விட்டுக்கொடுத்த பத்துப் பேர்ச் துண்டிலேயே இருந்துவிட்டார்கள். காணியில்லாத பெண்களுக்கு வாழ்வாதார உதவியாக ஒரு திட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை அந்த ஓர்க்கிட் செடிகள்.

“பாதர், ஒண்டரை வருசமாப் பாக்கிறன். இலைதான் வருகுது, பூவக் காணல்ல. என்ட கைக்கு ராசியில்லப் போல” என்றார்.

இலைகளைப் பார்த்தேன். கரும்பச்சையாக, நீளமாக, தொய்ந்து தொங்கின. பார்வைக்கு நல்ல செழிப்பு. ஆனால் வயல் செய்தவர்களுக்கு இந்தச் செழிப்பு புதிதல்ல. யூரியா கூடிய வயலும் இப்படித்தான் கரும்பச்சையாக நிற்கும், காற்றடித்தால் சாயும், அறுவடையில் வைக்கோல் கூடும், மணி குறையும். “என்ன பசளை போட்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “போன வருசம் கூட்டத்தில நீங்கதானே யூரியா கரைச்சி ஊத்தச் சொன்னீங்க” என்றார்.

உண்மைதான். அதைச் சொன்னவன் நான்தான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் சொல்வதைப் போல, யோசியாமல் சொல்லிவிட்டேன். அதன் பின்னர் சில ஆண்டுகள் நானும் செடி வளர்த்து, கெடுத்து, மறுபடி வளர்த்துப் படித்துக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மாவைப் போலப் பலர், செடி பூக்காததற்குத் தம்மையே நொந்துகொள்கிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூக்காத ஓர்க்கிட் பெரும்பாலும் பட்டினி கிடக்கும் செடி அல்ல. இருட்டில் வைத்து, ஈரத்தில் ஊறவைத்து, அளவுக்கு மேல் பராமரிக்கப்பட்ட செடி.

மரத்தில் வாழும் செடி

ஓர்க்கிட் குடும்பத்தில் 25,000 க்கும் அதிகமான இனங்கள் உண்டு. அவற்றுள் மண்ணில் வளர்பவையும் இருக்கின்றன. ஆனால் நாம் வீட்டில் தொங்கவிடும் டென்ட்ரோபியம், வாண்டா போன்றவை மரக்கிளைகளில் ஒட்டி வாழ்பவை. மரத்தில் ஒட்டியிருந்தாலும் இவை குருவிச்சை அல்ல. குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஓர்க்கிட்டுக்கு மரம் இருக்க ஓர் இடம் மட்டுமே. உணவை அது காற்றிலிருந்தும் மழைநீரிலிருந்தும், பட்டையில் தங்கும் சருகுத் தூளிலிருந்தும் தானே தேடிக்கொள்கிறது.

வேரை எடுத்துப் பாருங்கள். தடித்து, வெள்ளையாக, தொட்டால் காகிதம் போல இருக்கும். அந்த வெள்ளை, வேரைச் சுற்றியுள்ள இறந்த கலங்களாலான ஒரு போர்வை. பஞ்சு போல மழைநீரை நிமிடங்களில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்தால் போர்வை தெளிந்து, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்தால் மீண்டும் வெள்ளையாகும். இது உங்களுக்குப் பெரிய வசதி. தண்ணீர் ஊற்றலாமா என்பதை வேரின் நிறமே சொல்லிவிடுகிறது. பச்சையாக இருந்தால் விடுங்கள். வெள்ளையாக மாறியபின் ஊற்றுங்கள். எப்போதும் ஈரமாகவே இருந்தால் அந்தப் போர்வைக்குள் காற்று புகாது. வேர் கபில நிறமாகி, நசித்தால் தோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அந்த வேர் செத்தது.

எனவே இந்தச் செடிகளை மணலிலோ செம்மண்ணிலோ நடக்கூடாது. பொச்சுத் துண்டு, ஓட்டுத்துண்டு, சிரட்டைக் கரி இவை போதும். நம் கரையில் பொச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓர் அவதானம். தும்புக்காக வாவி நீரில் ஊறப்போட்ட பொச்சை எடுக்கவேண்டாம், உப்பேறியிருக்கும். காய்ந்த பொச்சை எடுத்து, ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கபிலச் சாறு குறையும் வரை தண்ணீரை மாற்றிப் பாவியுங்கள். சாடி சிறிதாக இருக்கட்டும். பெரிய சாடியில் உள்ளே ஈரம் காய நாள் எடுக்கும். வேர்கள் சாடிக்கு வெளியே வந்து காற்றில் தொங்கினால் வெட்டவேண்டாம். அவை நலமாக இருக்கின்றன.

வெளிச்சம்தான் முதல் மருந்து

களுதாவளை வெற்றிலைக்குப் பெயர்போன ஊர். கொடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு நிழல் என்று இவ்வூர்த் தோட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிழல் கூடினால் கொழுந்து மெலிந்து நீளும். வெயில் கூடினால் மஞ்சளித்துத் தடிக்கும். கிடுகை எங்கே நெருக்கிக் கட்டுவது, எங்கே விலக்குவது என்பதில்தான் கைவண்ணம் இருக்கிறது. ஓர்க்கிட்டும் அதே கணக்குத்தான். ஒரே வித்தியாசம், வெற்றிலையில் நமக்கு இலை வேண்டும், இங்கே பூ வேண்டும். ஆகையால் வெற்றிலைக்குக் கொடுப்பதைவிட அதிக வெளிச்சம் கொடுக்கவேண்டும்.

செடி இலையில் வெயிலைப் பிடித்து மாவு செய்து தண்டில் சேமிக்கிறது. அன்றாடச் செலவு போக மிஞ்சினால்தான் பூவுக்குச் செலவழிக்கும். தாழ்வாரத்து நிழலில் உயிர்வாழ மட்டும் வெளிச்சம் கிடைக்கும். மிச்சம் பிடிக்க முடியாது. அன்றாடக் கூலியில் அன்றன்று அரிசி வாங்கும் வீட்டில் கலியாணம் பேச முடியாததைப் போன்றது இது.

எவ்வளவு வெளிச்சம் என்பதை இலையின் நிறத்தில் பாருங்கள். கரும்பச்சை என்றால் இருட்டு. சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சை, புற்பச்சை, அதுதான் சரி. இலை மஞ்சளித்து, விளிம்பு சிவந்து, நடுவில் கருகிய வட்டம் விழுந்தால் வெயில் கூடிவிட்டது. டென்ட்ரோபியத்துக்குக் காலை வெயில் பத்து மணி வரை நேரே படலாம். அதன் பிறகு பாதி வெளிச்சம் போதும். கடையில் வாங்கும் நிழல் வலையானால் ஐம்பது வீத வலை. வாங்கப் பணமில்லாவிட்டால், தென்னோலையைப் பின்னாமல் இடைவெளி விட்டுப் பரப்பிய பந்தல் போதும். மாமரத்தின் கிழக்குப் பக்கத்துக் கிளையும் நல்லது. கொய்யா வேண்டாம், அதன் பட்டை உரிந்து விழும், செடியும் கூடவே விழும். முருங்கைக் கொப்பு கச்சான் காற்றுக்கு முறியும்.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து ஆறு செடிகளின் இலைகளை மூன்று நாளில் அவித்துவிட்டேன். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக நகர்த்தவேண்டும். நாற்றுமேடையிலிருந்து எடுத்த கன்றுக்கு ஓலை குத்தி நிழல் கொடுப்பதில்லையா, அதைப்போல.

தண்ணீரும் காய்ச்சலும்

தேசிக்காய் மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். கோடையில் சில காலம் தண்ணீரை நிறுத்தி, வேரைக் காய விட்டு, இலை வாடும் வேளையில் நன்றாகத் தண்ணீர் கட்டுவார்கள். மரம் பூத்துக் குலுங்கும். பலவகை ஓர்க்கிட்டுகளிலும் இதற்கு ஒத்த ஒரு குணம் இருக்கிறது.

டென்ட்ரோபியம் செடியில் கரும்பு போல ஒரு தண்டு புதிதாக முளைத்து, இலைவிட்டு, உயர்ந்து, தடிக்கும். இது வளரும் காலம். அப்போது தண்ணீர் தாராளமாக வேண்டும். கச்சான் அடிக்கும் நாட்களில் காலையில் தினமும் ஊற்றலாம். பிறகு ஒரு நாள் நுனி இலை விரிந்து, அதற்கு மேல் புதிய இலை வராமல் நிற்கும். தண்டு முற்றிவிட்டது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். வளர்ச்சி நின்றதைக் கண்டு செடிக்கு ஏதோ குறை என்று நினைத்து, இன்னும் தண்ணீர், இன்னும் பசளை என்று கொடுக்கிறார்கள். செய்யவேண்டியது அதற்கு மாறானது. பசளையை நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாகக் குறையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டுங்கள். தண்டு சற்றுச் சுருங்கினாலும் பயப்படவேண்டாம். தண்டின் உச்சியில், இலைக்கணுவில், கூரிய மொட்டு ஒன்று தலைகாட்டும். அதுவே பூக்காம்பு. அதைக் கண்டதும் தண்ணீரைப் பழையபடி கொடுக்கலாம். வாண்டாவுக்கு இந்த ஓய்வு பொருந்தாது; அதற்குத் தண்டில் சேமிப்பு குறைவு, வேரும் காற்றில் தொங்குகிறது. கோடையில் அதற்கு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் வேண்டும்.

சில வேளை பூக்காம்பு வரவேண்டிய கணுவில், வேரோடு கூடிய குட்டிச் செடி ஒன்று வரும். ஹவாய்த் தீவில் இதைக் ‘கேய்க்கி’ என்பார்கள். குழந்தை என்று அர்த்தம். தண்ணீரும் தழைச்சத்தும் கூடி வெளிச்சம் குறைந்தாலோ, அடிவேர் அழுகினாலோ இப்படி நேரும். வேர் ஒரு விரல் நீளமானதும் பிரித்து நட்டால் உங்களுக்கு ஒரு செடி லாபம். ஆனால் தாய்ச்செடி உங்களிடம் ஒன்றைச் சொல்லுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளை அசிங்கமாக இருக்கிறதென்று பலர் வெட்டுகிறார்கள். வேண்டாம். அது செடியின் நெல் அட்டுவம். புதிய தண்டுக்கு அதிலிருந்துதான் உணவு போகிறது. அதுவே மறுபடியும் ஒரு தடவை பூக்கவும் கூடும். சுருங்கி, உலர்ந்து, கபில நிறமானால் மட்டும் எடுங்கள்.

தண்ணீரின் குணத்தையும் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். மழைநீர்தான் இந்த மணலுக்குள் தங்கி நமக்குக் கிணற்று நீராகிறது. கோடை முடிவில் சில கிணறுகளில் உவர்ப்புத் தட்டும். கத்தரி அதைத் தாங்கலாம், ஓர்க்கிட் தாங்காது. வேரின் பச்சை நுனி கருகினால் முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மாரியில் கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் ஏழெட்டுச் செடிக்குப் பல வாரம் போதும். கொசு பெருகாமல் துணி கட்டி மூடவேண்டும். மட்டக்களப்பில் டெங்கு விளையாட்டான காரியம் அல்ல.

பசளை பற்றிச் சுருக்கமாக. வளரும் தண்டுக்கு வாரம் ஒரு முறை, மிக மெல்லிய கரைசல். கடைகளில் கிடைக்கும் அல்பேட் கரைசலைப் பொதியில் சொன்ன அளவில் நாலில் ஒன்றாகக் கலக்கலாம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டில் விலை ஏறியபோது, பழைய மாட்டெருவை ஊறவைத்து, துணியில் வடித்து, வெறும் தேநீரின் நிறம் வரும் வரை நீர் சேர்த்து ஊற்றிப் பார்த்தேன். வேலை செய்தது. தண்டு முற்றியபின் எதுவும் வேண்டாம். ‘பூக்க வைக்கும் மருந்து’ என்று போத்தலில் விற்பவற்றுக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இருட்டில் நிற்கும் செடியை எந்தப் போத்தலும் பூக்க வைக்காது.

நம் கரைக்கு எது பொருந்தும்?

கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வண்ணத்துப்பூச்சி போன்ற அகன்ற பூக்களோடு ஒரு செடி விற்கிறார்கள். பலேனொப்சிஸ் என்று பெயர். பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள், அந்தப் பூ விழுந்தபின் இரண்டாம் பூவைக் கண்டதில்லை என்று குறைப்படுகிறார்கள். காரணம் எளிது. பகல் வெப்பம் 28 பாகை செல்சியசுக்கு மேல் நின்றால் அந்தச் செடி இலையை மட்டும் வளர்க்கும். சில வாரங்கள் தொடர்ந்து அதற்குக் கீழே குளிர்ந்தால்தான் பூக்காம்பு விடும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் குளிர்ந்த கூடத்தில் வைத்தே அதைச் செய்கிறார்கள். நம் கரையில் அப்படி ஒரு வாய்ப்பு வருமானால் மார்கழி, தை மாதத்து மழை இரவுகளில்தான் வரும். அதுவும் நிச்சயமில்லை. ஆகவே கையில் காசு குறைந்தவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

டென்ட்ரோபியத்தில் வெப்பத்தைத் தாங்கும் கலப்பினங்கள், அதாவது தாய்லாந்திலிருந்து ஊதாவும் வெள்ளையுமாக உலகெங்கும் வெட்டுப்பூவாகப் போகும் வகை, நமக்குப் பொருந்தும். காலம் பார்க்காது, தண்டு முற்றினால் பூக்கும். மொக்காரா, அரண்டா என்ற கலப்பினங்களுக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும். நம்மிடம் அது தாராளமாக இருக்கிறது.

பென்சில் போல உருண்ட இலையுள்ள வாண்டா ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண் தம் வீட்டுத் தோட்டத்தில் உண்டாக்கிய கலப்பினம் அது. 1893 இல் அறிவிக்கப்பட்டது. 1981 இல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தெரிவு செய்யப்பட்டது. முழு வெயிலில், கம்பத்தில் கட்டி வளர்க்கலாம். இதன் குணம் விசித்திரமானது. கம்பத்தின் உச்சியைத் தாண்டி ஒரு முழம் அளவுக்கு நுனி உயர்ந்து வெளியில் ஆடினால்தான் பூக்கும். நாம் அன்போடு இன்னும் உயரமான கம்பம் நட்டுக் கட்டிக்கொண்டே போனால் அதுவும் ஏறிக்கொண்டே போகும், பூக்காது. கம்பத்தை உயர்த்தாமல் விட்டுவிடுவதே அதற்கு வைத்தியம்.

காட்டில் கிடைப்பதை எடுத்து வரலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இலங்கையின் காட்டு ஓர்க்கிட்டுகள் பலவற்றுக்கு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உண்டு. எடுத்தால் வழக்கு வரும். தவிரவும் காட்டு மரத்திலிருந்து பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. நரிவால் போலப் பூங்கொத்து தொங்கும் ஓர் இனம் நம் நாட்டுக் காடுகளிலும் உண்டு. அதே பூவை அசாம் பெண்கள் சித்திரை மாதத்துப் பிகு விழாவில் கொண்டையில் சூடி ஆடுகிறார்கள். பார்த்து மகிழ்ந்துவிட்டு மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

நம் நாட்டுக்குச் சொந்தமான ஓர் ஓர்க்கிட், பூப்பதென்றால் என்ன என்பதை மற்ற எல்லாவற்றையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. வெள்ளைப் புறா பறப்பது போன்ற பூ. சிங்களத்தில் ‘சுது பரெயி மல்’ என்பார்கள்; புறா ஓர்க்கிட் என்று வைத்துக்கொள்வோம். பலர் வீட்டு மரங்களில் வளர்க்கிறார்கள். தெரிந்தவர்களிடம் ஒரு துண்டு கேட்டால் கிடைக்கும்.

இதன் மொட்டுகள் கடுகளவில் உருவாகி, பிறகு வளராமல் உறங்கிக் கிடக்கும். வாரக்கணக்கில் பார்த்தாலும் மாற்றம் தெரியாது. பகலெல்லாம் வெயில் எரித்த ஒரு நாளில் பிற்பகல் திடீரென இடிமழை கொட்டுகிறது. காற்றின் வெப்பம் ஓரிரு மணியில் ஐந்து பாகையளவு இறங்குகிறது. அந்தக் குளிர்ச்சிதான் சைகை. உறங்கிய மொட்டுகள் எல்லாம் அன்றே வளரத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலையில் உங்கள் வளவில் மட்டுமல்ல, அந்த மழை பெய்த வட்டாரம் முழுவதிலும் உள்ள புறா ஓர்க்கிட்டுகள் எல்லாம் ஒரே நாளில் பூத்து மணக்கும். அன்று மாலையே வாடிவிடும்.

ஏன் இந்த ஒற்றுமை? தன் மகரந்தத்தால் தானே காய்க்க இதற்கு இயலாது. வேறு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். பூவோ ஒரே நாள்தான் நிற்கும். ஆளுக்கொரு நாள் பூத்தால் ஒன்றுக்கும் காய் பிடிக்காது. பஞ்சாங்கம் இல்லாத செடிகள், மழையின் குளிர்ச்சியை வைத்து நாள் குறித்துக்கொள்கின்றன.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைச் செய்து பாருங்கள். சித்திரையிலோ ஆவணியிலோ முதல் இடிமழை பெய்யும் நாளைக் கலண்டரில் குறித்து, ஒன்பது நாள் எண்ணட்டும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ ஆகலாம். எந்தப் பசளையும் தராத ஒரு பூவை ஒரு மழை தந்தது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, நாளை யூரியாவைக் கை நிறைய அள்ளாது.

மாரியில் காப்பாற்றுவது

கார்த்திகை முதல் தை வரை நம் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டிவிடும். இந்தக் காலத்தில் செடி பூக்கிறதா என்பதை விட, பிழைக்கிறதா என்பதே கேள்வி. தொடர்மழை பிடித்தால் கூரை ஓரத்துக்கு, மழை நேரே விழாத ஆனால் காற்றோடும் இடத்துக்கு மாற்றுங்கள். குருத்து கருத்து, இழுத்தால் கையோடு வந்தால் அழுகல். அடுப்பில் சுட்டு ஆறிய கத்தியால், நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் கறுவாப்பட்டைத் தூள் தடவுங்கள். வேரில் தடவவேண்டாம், காய்ந்துவிடும். இரவில் விளக்கோடு போய் நத்தை பார்க்கவேண்டும். பூக்காம்பின் நுனி என்றால் அதற்குக் கரும்பு.

வெள்ளம் வந்து வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், சாடியைத் தூக்கவேண்டாம். செடியைப் பொச்சோடு கழற்றி, ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கூடையில் போடலாம். டென்ட்ரோபியம் நிழலில் இரண்டு வாரம் தண்ணீரின்றிக் கிடந்தாலும் பிழைக்கும். 2007 பங்குனியில் நான் குருமட மாணவன். எழுவான்கரை முகாம்களில் உதவிக்குப் போயிருந்தேன். விதைநெல் மூட்டையைத் தோளில் சுமந்து வந்த ஒருவர், விதைக்க ஒரு பாத்தி கூட இல்லாத இடத்தில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். சாக்கில் சுற்றி எடுத்துப் போய் எந்த மரத்திலும் கட்டிவிடக்கூடிய ஒரு செடியைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

பணம் வருமா?

நேராகச் சொல்கிறேன். முதல் வருடம் வராது. ஆய்வுகூடத்தில் போத்தலில் வளர்த்த சிறு கன்றுகளைக் கொடுத்திருந்தால் பூக்க இரண்டு மூன்று வருடம் செல்லும். ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைக்கும் குருத்துக்கு ஊட்ட அதில் சேமிப்பு எதுவும் இல்லை. காட்டில் ஒரு வகைப் பூஞ்சணம் அதற்கு உணவூட்டுகிறது. 1922 இல் அமெரிக்கரான லூயிஸ் நுட்சன் என்பவர், பூஞ்சணம் இல்லாமல் சீனி கலந்த கூழில் அதை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று போத்தலில் கன்று வளர்ப்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. அந்தக் கன்றுகளுக்குப் பொறுமை வேண்டும். அதைச் சொல்லாமல் செடியைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் வருமான விபரம் கேட்டு வருபவர்கள் மீது எனக்குச் சற்றுக் கோபம் உண்டு. முற்றிய செடியைப் பிரித்து நட்டால் ஒரு வருடத்துக்குள் பூக்கலாம்.

ஆகவே பத்துப் பேர்ச் வளவில் முதலிடம் கீரைக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும்தான். அவற்றுக்கு மேலே, பந்தலில், நிலம் பிடிக்காமல் ஓர்க்கிட் தொங்கட்டும். பூவை விற்பதைவிட, பிரித்த செடியைப் பூவோடு விற்பது இலாபம். பூவாக விற்பதானால், காம்பில் முக்கால்வாசிப் பூக்கள் விரிந்தபின் காலையில் வெட்டி உடனே தண்ணீரில் வைக்கவேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். கோயிலுக்குப் போகும் என்று எண்ணவேண்டாம். பிள்ளையாருக்கு அறுகும் எருக்கும் இருக்கின்றன. மணவறை அலங்கரிப்பவர்களிடமும், பாசிக்குடா விடுதிகளிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் ஏழு செடி இருந்தால் எவரும் தேடி வரமாட்டார்கள். பத்து வீட்டார் சேர்ந்து, இந்த வாரம் இத்தனை காம்பு தருவோம் என்று வாக்குக் கொடுக்க முடிந்தால் கதைக்கலாம்.

அந்தப் பின்தாழ்வாரத்துச் செடிகளுக்கு என்ன நடந்தது? ஏழையும் மூன்று வாரத்தில் மாமரத்தின் கிழக்குக் கிளைக்கு நகர்த்தினோம். யூரியாவை நிறுத்தினோம். பொச்சை மாற்றியபோது இரண்டின் வேர் முழுவதும் அழுகியிருந்தது, அவை பிழைக்கவில்லை. ஒன்றின் இலை வெயிலில் கருகியது, அது என் அவசரம். மிஞ்சியவற்றில் இலைகள் மெல்ல இளம்பச்சையாயின. ஐந்து மாதம் கழித்துப் போனபோது மூன்று செடிகளில் பூக்காம்பு இருந்தது. ஒன்று விரிந்திருந்தது, ஊதா. “முதல் பூவ வெட்டமாட்டன் பாதர், கிடக்கட்டும்” என்றார் அம்மா.

உங்கள் குழுவில் இதைச் சோதிக்க விரும்பினால், ஒரே வகையான மூன்று செடிகளை எடுங்கள். ஒன்று இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒன்று காலை வெயில் படும் மரக்கிளைக்கு. ஒன்று ஓலைப் பந்தலுக்குக் கீழே. மூன்றுக்கும் வேர் வெளுத்தபின் மட்டும் தண்ணீர். மாதம் ஒரு தடவை இலையின் நிறத்தையும், புதுத் தண்டின் உயரத்தையும், நுனி இலை நின்ற திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கொப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.